கை எட்டுகிற உயரம்

சுவரில் இழுத்த பென்சில் கோடு நேராகத்தான் இருந்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாயிற்று, குமிழி நடுவில் வந்து அசையாமல் நின்றாயிற்று, ஆனாலும் செங்கோடனுக்கு அந்தக் கோட்டின் மேல் நம்பிக்கை வரவில்லை. நேராக இருப்பதாகச் சொல்லிக்கொண்ட எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார். தறித் தொழிலாளர் சங்கத்தின் மாவட்டச் செயலாளர்கூட நேராகத்தான் இருந்தார், சாயப்பட்டறை முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் முதல் வரிசையில் போய் உட்காரும்வரை. சரி, அந்தப் பேச்சு இப்போது எதற்கு. இப்போது வேலை பலகை. மனைவி சுகந்தி விடிவதற்கு முன்பே ஓமலூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள், மத்தியானத்துக்குள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள், அதற்குள் இந்தச் சுவரில் பலகைகள் நின்றாக வேண்டும், பலகையில் பொம்மைகள் உட்கார்ந்தாக வேண்டும், அறை ஒரு குழந்தையின் அறை மாதிரி ஆகியாக வேண்டும். பாப்பா என்றால் அவர் பெற்ற பாப்பா இல்லை. சுகந்தியின் முதல் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்தபோது வயிற்றில் இருந்த பிள்ளை. இப்போது நான்கு வயது. தர்ஷிகா என்று பெயர். தொழிற்சட்டங்களின் பெயரையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற வாய், அந்தப் பெயரில் மட்டும் ஒரு தடவை இடறிவிட்டுத்தான் போகிறது. அவருக்கு ஐம்பத்து நாலு வயதில் போன தை மாதம் சங்கக் கட்டடத்தில் மாலை மாற்றிக் கல்யாணம் நடந்தது. தாலி இல்லை, அய்யர் இல்லை, டீயும் காராபூந்தியும். சுகந்தியின் அண்ணன் வந்திருந்தார். கைகொடுத்தார், காராபூந்தி தின்றார், போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். பாப்பா எங்களோடவே இருக்கட்டும், அவளா விரும்பித் தங்கினா தங்கட்டும், அழ வெச்சுத் தங்க வெக்க வேண்டாம் என்று. நியாயமான பேச்சு. நியாயமான பேச்சுக்குப் பதில் சொல்வதுதான் அவருக்கு எப்போதுமே கஷ்டம். அதற்குப் பிறகு பாப்பா இரண்டு தடவை இங்கே வந்தது, இரண்டு தடவையும் தோளில் மாட்டிய பையைக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஊருக்குப் போலாம், ஊருக்குப் போலாம் என்று அழுதது, இரண்டு தடவையும் பொழுது சாய்வதற்குள் சுகந்தி அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். இது மூன்றாவது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. இங்கே இல்லையென்றால் ஓமலூரில் சேர்த்துவிடுவார்கள், அங்கே சேர்த்துவிட்டால் அப்புறம் அங்கேதான். அவ அங்கன்னா நானும் அங்கதானுங்க என்று சுகந்தி போன வாரம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்து வாதாடியிருக்கலாம். ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்பது போலச் சொன்னாள்.

டிரில்லிங் மெஷினை அழுத்தினார். சுவர் முதலில் கெட்டியாக எதிர்த்தது, பிறகு உள்ளே எங்கோ தளர்ந்து வழிவிட்டது. வெள்ளைப் பூச்சின் தூள் முதலில், அதற்குப் பின்னால் செங்கல்லின் சிவப்புத் தூள், முழங்கையில், மூக்கில், கண்ணாடியில். இந்த வாசனையை அவர் அறிவார். ரொம்பக் காலத்துக்கு முன்னால் பள்ளிபாளையம் ரோட்டில் தடியடி நடந்த அன்றைக்கு எவனோ எறிந்த செங்கல் அவர் தலைக்குப் பக்கத்தில் சுவரில் மோதி உடைந்தபோது இதே வாசனைதான் வந்தது. அப்போது பயம் தெரியவில்லை. பயம் தெரியவில்லை என்று எத்தனையோ மேடையில் சொல்லியாயிற்று, சொல்லிச் சொல்லி அது உண்மையாகிவிட்டது. இப்போது ஒரு நாலு வயதுப் பிள்ளை கீழ் உதட்டைப் பிதுக்கப் போகிறதே என்று பயம் தெரிகிறது, இதை எந்த மேடையில் போய்ச் சொல்வது. மெஷின் நின்றதும் கீழ்வீட்டுத் தறிச் சத்தம் திரும்பக் கேட்டது. கீழே தறிக்கூடம், மேலே இவர்கள் குடியிருக்கும் வீடு. இரண்டும் மாதேஸ்வரனுடையது. இதே மாதேஸ்வரனின் பழைய கூடத்து வாசலில் கூலி உயர்வு கேட்டு இவர் ஒரு மழைக்காலம் முழுக்கப் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஊரில் வேறு எவனும் சங்கத்துக்காரனுக்கு வீடு தரமாட்டேன் என்றபோது, என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும், அதுதான் எனக்கு நல்லது என்று சொல்லி இந்த மனுஷர்தான் கொடுத்தார். சுவரில் ஓட்டை போட அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. வாழ்நாளில் எந்த முதலாளியிடமும் கோரிக்கை வைத்திருக்கிறாரே தவிரக் கேட்டதில்லை. கோரிக்கை வேறு, கேட்பது வேறு. கோரிக்கைக்குப் பின்னால் ஆட்கள் நிற்பார்கள். அன்றைக்குப் பின்னால் யாரும் இல்லை, கையில் மஞ்சள் பையில் பலகை தாங்கும் இரும்புகள் மட்டும்தான் இருந்தன. மாதேஸ்வரன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, போடுங்க தோழரே, அளவாப் போடுங்க, சுவர் என்னோடது, உங்க சங்கத்தோடது இல்லை என்றார். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். செங்கோடனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வாயில் கசந்தது, மாடிப்படி ஏறும்போது பலகை அளவு ஞாபகம் வந்ததும் கசப்பு போய்விட்டது, அது போனதில்தான் அவருக்கு ஆச்சரியம்.

பலகைகள் மஞ்சள் நிறம். அதற்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. சுகந்தி ரோஸ் கேட்டாள். இவர் சிவப்பு என்றார். கட்சி ஆபீஸ் மாதிரி இருக்குமுங்க, பிள்ளை பயந்துக்கும் என்று அவள் சொல்ல, ரோஸ்ங்கறது பயந்துபோன சிவப்புதானே என்று இவர் சொல்ல, அவள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் அவசரத்திலும் உட்கார்ந்து சிரித்தாள். கடைசியில் மஞ்சளில் உடன்பாடு. இந்த அறை இருபது வருஷமாகத் துண்டறிக்கைகளின் அறையாக இருந்தது. இரவு ஷிஃப்டுக்கு ஏன் இரட்டைக் கூலி, அட்வான்ஸ் என்னும் விலங்கு, தறித் தொழிலாளியே சிந்திப்பாய். எல்லாம் அவர் எழுதியது, அவரே அச்சுக்குப் போய் நின்று பிழை பார்த்தது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது, மிச்சப் படிப்பெல்லாம் இப்படிப்பட்ட தாள்களில்தான், நான்கு பக்கம், எட்டுப் பக்கம், மூலையில் கம்பி தைத்தது. கட்டுகளை இறக்கி மொட்டைமாடிக் கூரைக்குக் கீழே அடுக்கினார். தூக்கும்போது கனத்தன. யாரும் படிக்காத தாளும் இதே கனம்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது, அதை உடனே துரத்தினார், படித்தார்கள், படித்துத்தான் அந்த மழைக்காலத்தில் கூலி ஏறியது. கட்டுகள் போன இடத்தில் தரையில் வெளுத்த சதுரங்கள் தெரிந்தன. அவற்றின் மேல் இப்போது பூப்போட்ட பாய். பலகைகள் வரிசையாக ஏறிவிட்டன. யானைப் பொம்மை, சொப்புச் சாமான், கலர் பென்சில் டப்பா, படப் புத்தகங்கள். புத்தகங்களை உயரப்படி அடுக்கினார், பெரியது இடது பக்கம், சிறியது வலது பக்கம். அடுக்கும்போது ஒன்றைப் பிரித்துப் படித்தார். ஒரு யானை காட்டில் எல்லோருக்கும் மரம் தூக்கிக்கொடுக்கிறது. மானுக்குத் தூக்குகிறது, குரங்குக்குத் தூக்குகிறது, கரடிக்குத் தூக்குகிறது. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் கைதட்டி நல்ல யானை, நல்ல யானை என்கிறார்கள். அவ்வளவுதான் கதை. சாப்பாடு எங்கே, ஓய்வு எங்கே, என்று யானையின் சார்பில் அவருக்கு ஆத்திரம் வந்தது. பாப்பா இந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் கடைசிப் பக்கத்தை மாற்றித்தான் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லுமா. போன தடவை ஒரு பிஸ்கட்டை நீட்டினார், அது பிஸ்கட்டைப் பார்க்காமல் நீட்டிய கையைப் பார்த்தது, கையில் இருந்த தழும்பைப் பார்த்தது, பிறகு அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவரை அது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பா என்று கூப்பிடச் சொல்லக் கூடாது என்று சுகந்தியிடம் அவரே சொல்லியிருந்தார், அந்த இடம் வேறொருவருடையது, செத்தவர் இடத்தைப் பிடுங்கக் கூடாது. பெருந்தன்மையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, பிள்ளை ஏதாவது ஒரு பெயரைத் தானாகக் கண்டுபிடிக்கும் என்று காத்துக்கொண்டிருக்கிறார், இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பின்னால் நகர்ந்து, கதவோரம் நின்று, சுவர் முழுவதையும் பார்த்தார். மஞ்சள் பலகைகள் வெயிலில் எரிந்தன. ஒரு கோணல் இல்லை. எந்த ஆசாரி வந்தாலும் இதைவிட நேராக அடிக்க முடியாது. தனக்குத்தானே ஒரு பீடி பற்றவைத்துக் கொடுக்கலாம்போல இருந்தது, அறையில் புகை வாசனை வரக்கூடாது என்று சட்டைப் பையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

போன் அடித்தது. சுகந்தி. சேலம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. சங்ககிரி வழியாப் போற வண்டியில ஏறிட்டோமுங்க. பாப்பா எப்படி இருக்கு என்று கேட்டார். ஒண்ணும் பேசலீங்க, ஜன்னலப் பாத்துட்டு வருது. பிறகு, பலகை அடிச்சிட்டீங்களா. அடிச்சாச்சு, வந்து பாரு, அசந்துபோயிருவே. அவளுக்கு எட்டுற மாதிரிதானுங்களே வெச்சிருக்கீங்க? அவர் ம் என்றார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கீழ்ப் பலகை அவருடைய நெற்றிக்கு நேராக இருந்தது. மேல் பலகைக்கு அவரே குதிகாலை உயர்த்த வேண்டும். யானைப் பொம்மை உத்தரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது. எப்படி. எப்படி இங்கே வைத்தார். யாரும் சொல்லவில்லை, அளவு எடுக்கும்போது யோசிக்கவும் இல்லை, கை தானாகப் போய் அந்த இடத்தில் கோடு இழுத்தது. கை எங்கே போகும் என்று யோசித்தார், யோசித்ததும் தெரிந்துவிட்டது. போஸ்டர் உயரம். முப்பது வருஷம் இந்த ஊர்ச் சுவர்களில் அவர் ஒட்டிய உயரம். கண் மட்டத்தில் ஒட்டுகிறவன் புதுப்பையன், கண் மட்டத்தில் ஒட்டினால் விடிவதற்குள் முதலாளியின் ஆள் கிழித்துவிடுவான், கிழிக்கிற கை எட்டாத உயரத்தில் ஒட்ட வேண்டும். கூட ஒட்ட வரும் பெருமாள் சைக்கிளைப் பிடித்துக்கொள்வான், இவர் கேரியர் மேல் ஏறி நின்று, மைதாப் பசையை விளக்குமாற்றால் தேய்த்து, கையை முழுக்க நீட்டி ஒட்டுவார். ரோட்டிலிருந்து படிக்க முடியும், தொட முடியாது. அதுதான் இலக்கணம். அதைச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பெருமைப்பட்டிருக்கிறார். மழை கிழித்திருக்கிறது, வெயில் கிழித்திருக்கிறது, மனுஷன் கை கிழித்ததில்லை. இந்த அறையில் யார் கிழிக்க வரப்போகிறார்கள். வருகிறது ஒரே ஒரு கைதான், அந்தக் கை தொடாமல் இருக்கத்தான் இத்தனை அழகாக, இத்தனை நேராக அடித்து வைத்திருக்கிறார். பாயில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபோது பலகைகளின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. அடிப்பக்கத்துக்கு அவர் பெயிண்ட் அடிக்கவில்லை. பிள்ளைக்குத் தெரியப்போவது இதுதான், பெயிண்ட் அடிக்காத பலகை. அப்படியே விட்டுவிடலாமா, கேட்டதை எடுத்துக் கொடுக்க நான் இருக்கிறேனே என்று ஒரு நினைப்பு வந்தது, நல்ல நினைப்பு மாதிரிதான் வந்தது, அதன் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. கேட்டால் கொடுக்கிறேனே, ஏன் கத்துகிறாய் என்று எத்தனை தறிமுதலாளிகள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எழுந்தார்.

இறக்க வேண்டும், இறக்குவது பெரிய வேலை இல்லை. எவ்வளவுக்கு இறக்குவது. அங்கேதான் மாட்டிக்கொண்டார். பிள்ளை எவ்வளவு உயரம்? ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். இடுப்பு வரைக்கும் இருக்குமா. யாருடைய இடுப்பு, அவருடையதா சுகந்தியுடையதா. சுகந்தியைக் கேட்கலாம், கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், இரண்டு தடவை வந்த பிள்ளையின் உயரம்கூட இந்த மனுஷனுக்குத் தெரியவில்லை என்று. ஒரு கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை பேர் என்று சொல்லிவிடுவார், போலீஸ்காரர்களே வந்து கேட்பார்கள். ஒற்றைப் பிள்ளையைக் கணக்கெடுக்கத் தெரியவில்லை. அழுகைதான் ஞாபகம் இருந்தது, அழுகைக்கு உயரம் இல்லை. பை ஞாபகம் இருந்தது, உட்கார்ந்திருந்த பிள்ளையின் தோளில் பை. நின்றதா? எப்போதாவது நின்றதா? நின்றது. போன தடவை, சுகந்தி முகம் கழுவப் போயிருந்தபோது, ஒரே ஒரு நிமிஷம். அவர் வாசல் பக்கம் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பேப்பருக்கு மேலே பார்த்தார். பிள்ளை கட்டிலைவிட்டு இறங்கியது. ஹாலில் இருந்த நீல பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நாற்காலியின் முதுகில் பூ மாதிரி வெட்டிய துளைகள் இருக்கும், அந்தத் துளை ஒவ்வொன்றிலும் விரலை விட்டு விட்டு எடுத்தது. மேல் வரிசைத் துளைக்குக் கையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை, நெஞ்சுக்கு நேராக இருந்தது. ஒரு துளையில் விரல் மாட்டிக்கொண்டது. அழப்போகிறது என்று அவர் பேப்பரை இறக்கினார். அது அழவில்லை. விரலைத் திருகி எடுத்து, வாயில் வைத்துச் சப்பி, மறுபடியும் அதே துளையில் விட்டது. அதே துளையில். அதை அவர் சுகந்தியிடம்கூடச் சொல்லவில்லை, மறந்தே போனார், இப்போது வருகிறது, நாற்காலியின் நீலத்தோடு, ஈரமான விரலோடு. ஹாலுக்கு ஓடி நாற்காலியைத் தூக்கிவந்தார். சுவரோரம் வைத்தார். முழங்காலில் நின்று, துளையில் தன் விரலை வைத்துப் பார்த்தார், அவர் விரல் போகவில்லை. நெஞ்சு இங்கே. அப்படியானால் தோள் இங்கே, கையைத் தூக்கினால் இங்கே. கோடு இழுத்தார். முழங்காலில் நின்றபடியே இழுத்த கோடு.

மெஷின் சத்தம் திரும்பக் கிளம்பியதும் கீழிருந்து மாதேஸ்வரன் மாடிப்படிக்கு வந்து என்ன தோழரே, இன்னும் முடியலையா, சுவரைச் சல்லடை ஆக்கறீங்களா என்று கேட்டார். செங்கோடன் மெஷினை நிறுத்தினார். சொல்வதற்கு நிறையப் பதில் தயாராக இருந்தது, முப்பது வருஷமாகத் தயாராக இருந்தது. பிள்ளைக்கு எட்டலீங்க, கீழே இறக்கறேன், மேல இருக்கற ஓட்டைய நானே பூசித் தந்துடறேன் என்றார்.  பிறகு மாதேஸ்வரன், சுவிட்சு பாக்ஸுக்கு நேர் கீழ போடாதீங்க, வயர் போகுது என்றார். செருப்புச் சத்தம் இறங்கிப்போனது. அந்த வார்த்தையில் எங்கே குத்தல் இருக்கிறது என்று செங்கோடன் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை, கோட்டை ஒரு சாண் இடது பக்கம் தள்ளி இழுத்தார். தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன.  உட்கார்ந்துகொண்டு சுவரைத் துளைப்பது நின்றுகொண்டு துளைப்பதைவிடக் கஷ்டம், முதுகு வளைந்து வலித்தது, தூள் நேராக மடியில் விழுந்தது. மேலே பழைய ஓட்டைகள் சிவப்பாக வாயைத் திறந்துகொண்டிருந்தன. பூச நேரமில்லை. பலகைகளை மாட்டி, பொம்மைகளை இறக்கி, பாயை மொட்டைமாடியில் உதறி, திரும்ப விரித்து, தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஆட்டோ நின்றது.

சுகந்தி முதலில் வந்தாள், அவள் தோளில் பாப்பா, பாப்பாவின் தோளில் பை. பஸ்ஸின் தூக்கம் கன்னத்தில் கம்பித் தடமாகப் பதிந்திருந்தது. வாங்க என்றார் செங்கோடன். பிள்ளைக்குச் சொன்னாரா சுகந்திக்குச் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை. சட்டை முழுக்கச் சிவப்புத் தூளாக நின்றார். சுகந்தி அவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மேலே இருந்த ஓட்டைகளைப் பார்த்தாள், கீழே இருந்த பலகைகளைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது என்று அவள் முகத்தில் தெரிந்தது. பிள்ளையை வாசல்படியில் இறக்கிவிட்டாள். பாப்பா அங்கேயே நின்றது. கீழ் உதடு லேசாகப் பிதுங்கியது.  இது யார் ரூமு என்று அது அம்மாவிடம் கேட்டது. உன்னோடதுதான் கண்ணு. பிள்ளை நம்பவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தது, வீட்டில் உண்மை சொல்லக்கூடியவர் யார் என்று தேடுகிற பார்வை. அவர் தலையை ஆட்டினார். உள்ளே போனது. பலகையின் முன்னால் நின்றது. கை தூக்கவேண்டியிருக்கவில்லை என்றால் பொய், கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது, ஆனால் எட்டியது. யானையின் காதைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டது. சொப்புச் சாமானை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது, கலர் பென்சில் டப்பா விழுந்து திறந்துகொண்டது, பிறகு புத்தகங்கள், பெரியது, அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்று விழும்போதும் செங்கோடனின் கை தானாக முன்னால் போய்த் திரும்பியது. காலை முழுக்க அடுக்கியது. ஏய் தர்ஷு, என்ன பண்றே என்று சுகந்தி உள்ளே காலெடுத்து வைத்தாள், அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். கீழ்ப்பலகை காலியானது. பிள்ளை தோளிலிருந்த பையைக் கழற்றி, இரண்டு கையாலும் தூக்கி, முக்கிக்கொண்டு, பலகையின் மேல் வைத்தது. தள்ளிப் பார்த்தது. பலகை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் திரும்பி அவரைப் பார்த்தது, முதல் தடவையாக நேராக, முகத்தில் கொஞ்சம்கூடத் தயவு இல்லாமல்.

"நீங்க வெளிய போங்க. இது என்னோட ரூமு."

எத்தனையோ இடங்களிலிருந்து அவரை வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள், தறிக்கூடத்திலிருந்து, தாசில்தார் ஆபீஸிலிருந்து, கடைசியில் சங்கத்தின் செயற்குழுவிலிருந்தும். எங்கேயும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் அவர் படியிறங்கியதில்லை. இப்போது சுகந்தியோடு மெதுவாகப் பின்னால் நகர்ந்து வாசல்படியைத் தாண்டினார். கதவு அவர் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது. உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம், பாயாக இருக்கும், இல்லை நாற்காலி. மன்னிச்சுக்குங்க, தூக்கக் கலக்கத்துல பேசுது என்றாள் சுகந்தி. மன்னிப்பா, எதுக்கு, கேக்கலையா நீ, என்னோட ரூமுன்னு சொல்லிருச்சு என்றார் அவர்.  அண்ணனுக்குப் போன் போட்டுப் பாப்பாவோட மிச்சத் துணியையும் கொடுத்தனுப்பச் சொல்லேன். ராத்திரி ஒண்ணு இருக்குதுங்களே, பொறுங்க என்றாள் அவள், சொல்லும்போதே சிரிப்பை மறைக்க முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ராத்திரி ஒன்று இருக்கிறது, ஆமாம், ராத்திரி அழுதாலும் அழும், அழுதால் அழட்டும், தன்னுடைய ரூமில் அழுவது வேறு அழுகை. கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. அந்த இடுக்கில் ஒரு கண்.

"அம்மா, நீ வா." கண் அவர் பக்கம் திரும்பியது. கொஞ்சம் யோசித்தது. "நீங்க கதவத் தட்டிட்டுத்தான் வரணும்."

சுகந்தி உள்ளே போனாள். கதவு திரும்பச் சாத்திக்கொண்டது. செங்கோடன் சட்டையில் இருந்த தூளைத் தட்டினார், முகத்தைத் துண்டால் துடைத்தார், துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். விரல் முட்டியால் இரண்டு தட்டு, கேட்டும் கேட்காத மாதிரி. உள்ளே பேச்சு நின்றது.  அவர் அவசரப்படவில்லை, கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.